கல்லா மேசைப் பழைய கணிப்பொறிக்கு மறுவாழ்வு: பென் டிரைவில் ஓடும் பப்பி லினக்ஸ்

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வெளிவந்து, பத்து ஆண்டுகள் நம் கடைகளில் பில் போட்டும் கணக்கு எழுதியும் உழைத்த ஆபரேட்டிங் சிஸ்டம் அது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு என்றும், வணிக நிறுவனங்களுக்குக் கட்டணத்தின் பேரில் நீட்டிப்பு என்றும் அறிவித்தார்கள். அது தவணை நீட்டிப்பே தவிர நிரந்தரத் தீர்வு அல்ல.

விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாமே என்றால், அது எல்லாக் கணிப்பொறியிலும் ஏறாது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். குறைந்தது 4 ஜிபி ரேம் வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய கணிப்பொறிகளில் பெரும்பாலானவை இந்தத் தேர்வில் தேறுவதில்லை. எந்திரம் ஓடுகிறது, விசைப்பலகை வேலை செய்கிறது, பிரிண்டர் அச்சடிக்கிறது. ஆனாலும் "மாற்ற வேண்டும்" என்கிறார்கள். நாளெல்லாம் பைசா கணக்குப் பார்த்து வியாபாரம் செய்கிற நமக்கு இது மனம் ஒப்புகிற காரியமா?

எந்திரத்தைத் தூக்கி எறிவதற்கு முன் முயன்று பார்க்க ஒரு வழி உண்டு. செலவு ஒரு பென் டிரைவின் விலைதான். ஹார்ட் டிஸ்க்கில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் சோதித்துப் பார்க்கலாம். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் பென் டிரைவை உருவிவிட்டுப் பழையபடி விண்டோஸுக்குத் திரும்பலாம். அதைப் பற்றியும், அது எங்கே உதவும், எங்கே உதவாது என்பதைப் பற்றியும் இங்கே விரிவாகக் காண்போம்.

புதுப்பிப்பு நின்றால் என்ன நஷ்டம்?

"நேற்றுவரை ஓடியது, இன்றும் ஓடுகிறது, புதுப்பிப்பு இல்லாவிட்டால் என்ன?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். 2017 மே மாதம் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. மே 12-ஆம் தேதி 'வான்னாக்ரை' என்ற நச்சு நிரல் பரவத் தொடங்கி, 150 நாடுகளுக்கு மேல் புகுந்தது. கணிப்பொறியில் இருந்த கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, சாவி வேண்டுமானால் 300 டாலர் கொடு என்று மிரட்டியது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே நிலைகுலைந்தன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, அந்த ஆண்டு மார்ச்சிலேயே, வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள்.

புதுப்பிப்பு நின்றுபோன கணிப்பொறியில் இத்தகைய ஓட்டைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். அடைக்க ஆள் இல்லை. அதே கணிப்பொறியில்தான் நம் பேரேடு இருக்கிறது. யார் எவ்வளவு பாக்கி என்ற பற்று வரவு இருக்கிறது. வங்கிக் கணக்கைத் திறப்பதும் அதில்தான். கடையின் பூட்டு பழுதானால் அன்றே ஆசாரியைக் கூப்பிடுகிறோம். இதுவும் பூட்டுதான்.

பப்பி லினக்ஸ் பிறந்த கதை

லினக்ஸ் என்பது பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதி வெளியிட்ட மூலக் கருவின் மேல் வளர்ந்தது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். லைசன்ஸ் கட்டணம் கிடையாது. அந்த மூலக் கருவோடு தேவையான மென்பொருள்களைச் சேர்த்துக் கட்டித் தருகிற தொகுப்புகளை 'டிஸ்ட்ரிபியூஷன்' என்கிறார்கள். ஒரே அரிசியை வெவ்வேறு ஆலைக்காரர்கள் வெவ்வேறு மூட்டையில் கட்டி விற்பது போலத்தான்.

அவற்றுள் ஒன்று பப்பி லினக்ஸ். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாரி கவுலர் என்பவர் 2003-ல் வெளியிட்டார். தாம் வளர்த்த சின்னஞ்சிறு சிவாவா இன நாயின் நினைவாகப் பெயர் வைத்தார். பழைய எந்திரத்திலும் வேகமாக ஓட வேண்டும், சி.டி.யிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ நேரடியாக ஓட வேண்டும், சாதாரண மனிதருக்குத் தேவையானது எல்லாம் அதிலேயே இருக்க வேண்டும் என்பவை அவருடைய நோக்கங்கள். 2013-ல் அவர் பொறுப்பிலிருந்து ஒதுங்கிக்கொண்ட பிறகு, தன்னார்வலர்கள் கூடி அதைத் தொடர்ந்து வளர்த்துவருகிறார்கள்.

பப்பியில் பல வகை உண்டு. தேர்ந்தெடுக்கும்போது கவனம் தேவை. உதாரணமாக, 2020-ல் வந்த 'ஃபாஸாபப் 64' வெறும் 409 எம்பி அளவு. பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அது எந்த உபுண்டு 20.04-ஐ அடிப்படையாகக் கொண்டதோ, அதற்கான பொது ஆதரவே 2025-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-ஐ விட்டு அதற்கு மாறுவது, ஒழுகுகிற ஓட்டு வீட்டை விட்டு ஒழுகுகிற கூரை வீட்டுக்குக் குடிபோவதற்குச் சமம். 2023-ல் வந்த 'புக்வார்ம்பப் 64' டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்டது. டெபியன் 12-க்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு உண்டு. ஆகவே அளவைப் பார்க்காமல், அடிப்படையின் ஆயுளைப் பார்த்து எடுங்கள்.

சிட்டையும் பேரேடும்

பப்பி எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. நம் தொழில் மொழியிலேயே சொல்லிவிடலாம்.

கணிப்பொறியைத் தொடங்கியதும், பென் டிரைவில் சுருக்கி வைத்திருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் முழுவதும் ரேமுக்குள் ஏறிக்கொள்கிறது. பழைய எந்திரத்தில் இதற்கு ஓரிரு நிமிடம் ஆகலாம். ஏறிய பிறகு எல்லா வேலையும் ரேமிலேயே நடப்பதால், மெதுவான பழைய ஹார்ட் டிஸ்க் குறுக்கே வருவதில்லை. வேகத்தின் ரகசியம் இதுதான்.

பகலில் நீங்கள் செய்கிற மாற்றங்கள், அதாவது புதிய கோப்பு, புதிய பிரிண்டர் அமைப்பு, பிரௌசரில் குறித்த முகவரி எல்லாம் முதலில் ரேமில்தான் இருக்கும். அது சிட்டை. முதல்முறை கணிப்பொறியை நிறுத்தும்போது "இவற்றைச் சேமிக்கவா?" என்று பப்பி கேட்கும். ஆம் என்றால், பென் டிரைவில் ஒரு சேமிப்புக் கோப்பை உண்டாக்கி அதில் எழுதிவைக்கும். அது பேரேடு. மறுநாள் தொடங்கும்போது பேரேட்டைப் படித்துவிட்டு நேற்று விட்ட இடத்திலிருந்து தொடரும்.

சிட்டையில் இருப்பதைப் பேரேட்டில் ஏற்றுவதற்குள் மின்சாரம் போனால்? சிட்டை போய்விடும்! இதை ஒவ்வொரு வணிகரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். திரையில் 'சேவ்' என்றொரு பொத்தான் இருக்கும். முக்கியமான வேலை முடிந்ததும் அதை அழுத்திவிடுங்கள். குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும்படியும் அமைக்கலாம். யு.பி.எஸ். இல்லாத கடையில் இந்த இடைவெளியைக் குறைத்து வைப்பது புத்திசாலித்தனம்.

சேமிப்புக் கோப்பைத் தொடாமல், வெறும் ரேமில் மட்டும் தொடங்கும் வழியும் தொடக்கப் பட்டியலில் உண்டு. நிறுத்தும்போது சேமிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அன்று நடந்த எதற்கும் பென் டிரைவில் சுவடே இராது. வங்கி வேலைக்கு இது அருமையான ஏற்பாடு. நேற்று எந்த வலைப்பக்கத்தில் எந்த வேண்டாத நிரல் தொற்றியிருந்தாலும், இன்று துடைத்த பலகையில் தொடங்குகிறோம். ஆனால் போலி வங்கிப் பக்கத்தில் நாமே போய்க் கடவுச்சொல்லைக் கொடுத்தால் எந்த லினக்ஸும் காப்பாற்றாது.

பென் டிரைவைத் தயார் செய்தல்

16 ஜிபி பென் டிரைவ் ஒன்று, தரமான கம்பெனித் தயாரிப்பாக வாங்குங்கள். மலிவுச் சரக்கில் கை வைக்க வேண்டாம். பேரேடு எழுதப்போவது அதில்தான். விண்டோஸ் ஓடும் ஏதேனும் ஒரு கணிப்பொறியில், பப்பியின் அதிகாரபூர்வமான தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். கூடவே தரப்பட்டிருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்பாருங்கள். சரக்கை இறக்கும்போது எடை போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவோமா?

பிறகு 'ரூஃபஸ்' என்ற இலவச மென்பொருளால் அதைப் பென் டிரைவில் எழுத வேண்டும். அதில் 'ஐ.எஸ்.ஓ. முறை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் பென் டிரைவ் மேலும் எழுதக்கூடிய நிலையில் இருக்கும். சேமிப்புக் கோப்புக்கு இடம் கிடைக்கும். பென் டிரைவில் முன்பிருந்தது எல்லாம் அழிந்துவிடும் என்பதால் பழைய கோப்புகளை முதலில் வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். ரூஃபஸ் வழக்கமாக அமைக்கிற ஃபேட் 32 அமைப்பில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. தொடக்கத்தில் 1 ஜிபி அளவில் சேமிப்புக் கோப்பு வைத்துக்கொண்டால் போதும், பிற்பாடு பெரிதாக்கலாம்.

கணிப்பொறியைத் தொடங்கியதும் டெல், லெனோவோ என்றால் எஃப் 12, ஹெச்.பி. என்றால் எஃப் 9 விசையைத் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென் டிரைவைக் காட்டுங்கள். சற்றுப் புதிய எந்திரங்களில் 'செக்யூர் பூட்' என்ற அமைப்பை நிறுத்த வேண்டி வரலாம். ஹார்ட் டிஸ்க்கில் 'பிட்லாக்கர்' பூட்டு இருந்தால், அதன் மீட்புச் சாவியைக் குறித்துவைக்காமல் இதில் கை வைக்காதீர்கள். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது.

ஒரு வாரச் சோதனை

ஒரே நாளில் முடிவு கட்ட வேண்டாம். கடையில் நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு வாரம் கீழ்க்கண்டவற்றைச் சோதித்துக் குறித்துவையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சரி' அல்லது 'சரியில்லை' என்று எழுதினால் போதும்.

1. கடிகாரம். முதல் வேலை இதுதான். நேர மண்டலம் 'ஆசியா/கொல்கத்தா' என்று இருக்க வேண்டும். கணிப்பொறியின் உள்கடிகாரத்தை விண்டோஸ் நம் நாட்டு நேரமாகவும், லினக்ஸ் பெரும்பாலும் கிரீன்விச் நேரமாகவும் எடுத்துக்கொள்ளும். இதனால் 5 மணி 30 நிமிடம் வித்தியாசம் வரும். உள்கடிகாரம் உள்ளூர் நேரத்தில் இருக்கிறது என்று முதல் அமைப்பிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இரவு எட்டு மணிக்குப் போட்ட பில்லில் மறுநாள் தேதி விழும்.

2. இணையம். கம்பி வழி இணைப்பு பெரும்பாலும் உடனே கிடைத்துவிடும். சில வை-ஃபை அட்டைகள் முரண்டு பிடிக்கும். அப்போது செல்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து 'டெதரிங்' போட்டுப்பாருங்கள்.

3. பிரிண்டர். லினக்ஸில் அச்சு வேலையைக் 'கப்ஸ்' என்ற மென்பொருள் கவனிக்கிறது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களில் பெரும்பாலானவை எப்சன் 9 பின் முறையைப் பின்பற்றுபவை. அதற்கான பொது டிரைவர் கப்ஸில் உண்டு. ஹெச்.பி. வகைகளுக்கு அந்த நிறுவனமே லினக்ஸ் டிரைவர் தருகிறது. கேனான் எல்.பி.பி. 2900 போன்ற சில லேசர் பிரிண்டர்களுக்குத் தனி டிரைவரைத் தேடிப் போட வேண்டும், சிரமம் அதிகம்.

4. பார்கோடு ஸ்கேனர். யு.எஸ்.பி. ஸ்கேனர்கள் பெரும்பாலும் தம்மை ஒரு விசைப்பலகை என்றே கணிப்பொறியிடம் சொல்லிக்கொள்பவை. ஆகவே டிரைவர் ஏதும் இல்லாமலே வேலை செய்யும். ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து ஒரு சோப்பை ஸ்கேன் செய்துபாருங்கள். எண் விழுந்தால் சரி.

5. ரேம். பப்பி குறைவாகத்தான் சாப்பிடும். ஆனால் இன்றைய வலைப்பக்கங்கள் அப்படி அல்ல. 2 ஜிபி இருந்தால் சமாளிக்கலாம். 4 ஜிபி இருந்தால் நிம்மதி. பழைய 32 பிட் பென்டியம் 4 எந்திரங்களில் நேரத்தைச் செலவிட வேண்டாம். 32 பிட் லினக்ஸுக்குக் கூகுள் குரோம் தருவது 2016-லேயே நின்றுவிட்டது.

6. ஜி.எஸ்.டி. தளம், இ-வே பில் தளம், வங்கித் தளம். மூன்றையும் திறந்து, உள்ளே நுழைந்து, ஒரு பழைய படிவத்தைப் பி.டி.எஃப். ஆக இறக்கி அச்செடுத்துப் பாருங்கள்.

7. மின்தடை. வேலை நடுவே வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். எது மிஞ்சியது, எது போனது என்று கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு 'சேவ்' பொத்தானை யாரும் மறக்க மாட்டார்கள். இந்தச் சோதனையை உண்மையான கணக்கு எதுவும் ஏறுவதற்கு முன் செய்துவிடுங்கள்.

கடைக்கேற்ப மாற்றியமைத்தல்

சோதனையில் தேறிய பிறகு நம் வசதிக்கு ஏற்பச் செதுக்கலாம். விலைப்பட்டியலுக்கும் இருப்புக் கணக்குக்கும் 'நியூமெரிக்' என்ற சிறிய விரிதாள் மென்பொருள் போதும். எக்செல் கோப்புகளை நிறையக் கையாள்பவர்கள் 'லிப்ரே ஆஃபீஸ்' சேர்த்துக்கொள்ளலாம். பெரிய மென்பொருள்களை 'எஸ்.எஃப்.எஸ்.' என்ற ஒற்றைக் கோப்பாகக் கொண்டுவந்து மாட்டவும் கழற்றவும் பப்பியில் வசதி உண்டு. இதனால் சேமிப்புக் கோப்பு வீங்குவதில்லை.

தமிழில் தட்டச்சு செய்ய 'ஐபஸ்' மென்பொருளை நிறுவினால் தமிழ் 99 விசைப்பலகையும் ஒலிப்பு முறையும் கிடைக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்த விலைப்பட்டியல்கள் அலங்கோலமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அந்த எழுத்துருக் கோப்பையும் விண்டோஸிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

திரையில் தேவையற்ற ஐகான்களை நீக்கிவிட்டு நான்கைந்து மட்டும் வையுங்கள். விலைப்பட்டியல், ஜி.எஸ்.டி., இ-வே பில், வங்கி, சேவ். கடைப் பையன் வேறெங்கும் போக வேண்டியதில்லை. ஃபயர்வாலை இயக்கிவிடுங்கள்.

எல்லாம் மனத்துக்குப் பிடித்தபடி அமைந்ததும் 'ரீமாஸ்டர்' என்ற கருவியால் அதை அப்படியே ஒரு புதிய ஐ.எஸ்.ஓ. கோப்பாக்கலாம். கிளைக் கடைக்கும் குடோனுக்கும் அதையே எழுதிக் கொடுத்தால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் பிரௌசரில் கடவுச்சொல் எதையும் சேமிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் கல்லாச் சாவியைப் பத்துப் பிரதி எடுத்து விநியோகித்த கதையாகும்.

இதில் முடியாதவை

நன்மையை மட்டும் சொல்லிக் குறையை மறைப்பது நல்ல வியாபாரம் அல்ல. டாலி விண்டோஸுக்கென எழுதப்பட்டது. லினக்ஸில் நேரடியாக ஓடாது. டிஜிட்டல் கையெழுத்துச் சாவியைப் பயன்படுத்தும் கம்பெனிகளுக்கும் விண்டோஸைக் கைவிடுவது சிரமமாக இருக்கலாம். தனி உரிமையாளர்கள் ஓ.டி.பி. மூலம் ஜி.எஸ்.டி. படிவம் தாக்கல் செய்வதால் அவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

டாலி வைத்திருக்கும் சிறு கடைக்கு ஒரு நடுவழி உண்டு. ஒரே எந்திரத்தில், டாலிக்கு விண்டோஸ். ஆனால் அப்போது இணையம் கிடையாது. இணைய வேலைக்குப் பப்பி. அப்போது விண்டோஸ் உறங்கும். விஷம் வருகிற வாசலையும் கணக்கு இருக்கிற அறையையும் பிரித்துவிடுகிறோம். ஆனால் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அவர்கள் டாலியிலிருந்தே நேரடியாக அனுப்புவார்கள் என்பதால் இந்த ஏற்பாடு ஒத்துவராது. அவர்கள் ஒரு புதிய கணிப்பொறி வாங்கிவிடுவதே சரி. பழையதைப் பப்பியோடு குடோனுக்கு அனுப்பலாம்.

இருபக்கமும் கூர்

விண்டோஸ் தொடங்காமல் படுத்துவிட்ட நாளில் இந்தப் பென் டிரைவ் கைகொடுக்கும். பப்பியில் தொடங்கி, ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து, டாலியின் டேட்டா ஃபோல்டரை வேறொரு பென் டிரைவில் நகலெடுத்துக்கொள்ளலாம். பழுது பார்ப்பவரிடம் எந்திரத்தை ஒப்படைப்பதற்கு முன் கணக்கு நம் கைக்கு வந்துவிடும். டிஸ்க்கே பழுதாகியிருந்தால் மட்டும் இது பலிக்காது.

இங்கேதான் ஒரு கசப்பான உண்மையும் இருக்கிறது. நமக்குக் கதவு திறக்கிற பென் டிரைவ் பிறருக்கும் திறக்கும். விண்டோஸில் நாம் போட்டிருக்கிற கடவுச்சொல்லை அது கேட்பதே இல்லை. மூடிய கடையில் பத்து நிமிடம் தனியாக இருக்கிற எவரும் வாடிக்கையாளர் பட்டியலையும் கொள்முதல் விலையையும் அள்ளிக்கொண்டு போகலாம். இது பப்பியின் குற்றம் அல்ல; பூட்டாத டிஸ்க்கின் குற்றம். பயாஸ் அமைப்பில் கடவுச்சொல் போட்டு, பென் டிரைவிலிருந்து தொடங்குவதைக் கட்டுப்படுத்துங்கள். முடிந்தால் டிஸ்க்கைப் பிட்லாக்கரால் பூட்டி, மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வீட்டுப் பீரோவில் வையுங்கள். பப்பியைப் பயன்படுத்தாதவர்களும் இந்த ஒன்றை அவசியம் செய்ய வேண்டும்.

பென் டிரைவும் ஒருநாள் பழுதாகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சேமிப்புக் கோப்பு ஒற்றைக் கோப்பு என்பதால், வாரம் ஒருமுறை வேறோர் இடத்தில் நகலெடுப்பது சில நிமிட வேலை. இரண்டாவது பென் டிரைவ் ஒன்று தயாராக இருக்கட்டும். அது கல்லாவில் வேண்டாம், வீட்டில் இருக்கட்டும்.

வணிகப் பெருமக்களே! புதிய எந்திரம் வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் கடைத்தெருவில் பத்துக் கடைக்கு ஒரு பென் டிரைவ் தயாரித்து, ஒரு விடுமுறை நாளில் ஒவ்வொரு கடையாகச் சோதித்துப் பார்த்தால் யாருக்கு மாற்றம் தேவை, யாருக்குத் தேவையில்லை என்பது தெளிவாகிவிடும். கணிப்பொறி படித்த நம் பிள்ளைகளை இதில் ஈடுபடுத்தலாம். கணிப்பொறியின் விலையைக் காட்டிலும் அதற்குள் இருக்கிற கணக்கின் விலை பெரிது. அதைக் காப்பதற்கு எந்த வழி ஏற்றதோ, அதை இந்த மாதமே தொடங்குங்கள்.